திறப்பு விழா முடிஞ்சப்புறம் அந்த பில்டிங்கை யாரு போய்ப் பாக்குறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல ஒரு புது பஸ் ஸ்டாண்டோ, நூலகமோ, வாரியக் குடியிருப்போ திறந்தா படத்தோட செய்தி வருது, எத்தனை கோடி, எத்தனை சதுர அடி, யாரு திறந்து வச்சாங்க எல்லாம் வருது, நல்ல விஷயம்தான். ஆனா அதே பில்டிங்குக்கு அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு நிருபர் போய், உள்ள சுத்திப் பாத்து, அங்க இருக்கிற ஆளுங்ககிட்ட பேசி எழுதின செய்தியை நான் ரொம்ப அபூர்வமாதான் பாத்திருக்கேன். லிஃப்ட் நின்னு போச்சு, சிலாப் பேந்து விழுந்துச்சுன்னா மட்டும் அந்த பில்டிங் திரும்ப செய்தியில வருது. நான் பல வருஷமா பிளான் போடுறது, சைட்ல நிக்கிறதுன்னு இந்தத் தொழில்லயே இருக்கிறவன், அதனால இது என்னை ரொம்ப உறுத்துது. கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

அமெரிக்காவுல 1870கள்ல முளைச்ச ப்ராக்மாட்டிசம்னு ஒரு தத்துவம் இருக்கு, நம்ம ஆளுங்க நடைமுறைவாதம்னு எழுதுவாங்க. சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் 1878ல எழுதின ஒரு கட்டுரையில அதுக்கு அடித்தளம் போட்டாரு, வில்லியம் ஜேம்ஸ் அத மேடையில பேசிப் பேசி பரப்புனாரு, ஜான் டூயி அத பள்ளிக்கூடம், ஜனநாயகம், கலைன்னு எல்லா பக்கமும் கொண்டு போனாரு. அவங்க சொன்னதோட சாரம் என்னன்னா, ஒரு கருத்துக்கு என்ன அர்த்தம்னு தெரியணும்னா அத நம்பி காரியத்துல இறங்கினா என்ன ஆகுதுன்னு பாரு, அந்த விளைவுலதான் அர்த்தம் இருக்கு. எந்தக் கருத்தும் செஞ்சு பாக்க வேண்டிய ஒரு யூகம், செஞ்சு பாத்தப்புறம் ஒத்து வரலன்னா திருத்திக்கணும், திருத்துறதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

இத அப்படியே ஒரு பில்டிங் பிளான் மேல வச்சுப் பாருங்க. ஜன்னல் இந்த மூலையில வச்சா காத்து வரும், பிள்ளைங்க இந்த நடைபாதையில விளையாடும், ஜனங்க இந்தப் படிக்கட்டுல ஏறி இந்தப் பக்கமா போவாங்கன்னு பிளான்ல இருக்கிற ஒவ்வொரு கோடும் ஒரு யூகம்தான். அத சோதிக்கிறது யாரு, அந்த வீட்டுல குடியிருக்கிறவங்க, அந்த ஆபீஸ்ல வேலை பாக்குறவங்க, அந்த பஸ் ஸ்டாண்டுல ராத்திரி பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்கிறவங்க. சோதனை தினம் தினம் நடந்துக்கிட்டே இருக்கு, ரிசல்ட்டை மட்டும் யாரும் எழுதி வைக்கிறதில்ல, அதே பிளான் அடுத்த ஊர்ல அப்படியே திரும்ப எழும்புது. என் ஆதங்கம் எல்லாம் இதுதான்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன். இந்தத் தத்துவத்தை வச்சு யாராவது "காரியம் நடந்தா போதும், அழகெல்லாம் எதுக்கு, செலவைக் கம்மி பண்ணு"ன்னு சொன்னா அது சுத்தமா தப்பு. டூயி 1934ல கலையைப் பத்தி ஒரு முழு புத்தகமே எழுதினவரு, அதுல ஏதென்ஸ் நகரத்து பார்த்தினான் கோயிலைப் பத்திப் பேசும்போது, அந்தக் கல்லை மட்டும் பாத்தா பத்தாது, அத கட்டி அதுல புழங்கின அந்த ஊர் ஜனங்களோட வாழ்க்கையையும் சேத்துப் பாத்தாதான் அது என்னன்னு புரியும்னு சொல்லுவாரு. அவருக்கு அழகுங்கிறது புழக்கத்துக்கு வெளியில தனியா நிக்கிற சங்கதி கிடையாது, ஒரு திண்ணையில சாயங்காலம் உக்காந்தா மனசு அடங்குதே, அதுவும் அந்தத் திண்ணையோட விளைவுதான், அதையும் கணக்குல எடுக்கணும்.

டூயி சொன்ன ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவரு சிகாகோ பல்கலைக்கழகத்துல 1896ல ஒரு சோதனைப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சவரு. பிள்ளைங்களுக்கு மேசை பெஞ்சு வாங்க கடை கடையா ஏறி இறங்கியிருக்காரு, எதுவும் அவருக்கு சரியா வரல. கடைசியில ஒரு கடைக்காரர் இவரு என்ன தேடுறாருன்னு புரிஞ்சுக்கிட்டு சொன்னாராம், ஐயா நீங்க கேக்குறது எங்ககிட்ட இருக்காது, நீங்க பிள்ளைங்க உக்காந்து வேலை செய்யுற மாதிரி மேசை கேக்குறீங்க, இங்க இருக்கிறது எல்லாமே உக்காந்து கேக்குறதுக்கு செஞ்சது. ஒரு பெஞ்சுக்குள்ளயே ஒரு கல்விக் கொள்கை இருக்குன்னு அந்தக் கடைக்காரர் ஒரே வரியில சொல்லிட்டாரு பாருங்க. வகுப்பறை நீளம் அகலம், கரும்பலகை எந்தச் சுவர்ல, பிள்ளை எந்திரிச்சு நடக்க இடம் இருக்கா இல்லையா, இதெல்லாம் வாத்தியார் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே பிள்ளைக்கு ஏதோ ஒண்ணை சொல்லிக் கொடுத்துடுது.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன், அதுவும் சிகாகோதான். 1889ல ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார்னு ரெண்டு பெண்கள் ஹால்ஸ்டெட் தெருவுல ஒரு பழைய பங்களாவை எடுத்து அங்கயே குடியேறினாங்க, சார்லஸ் ஹல்ங்கிறவரோட வீடு, அதனால ஹல் ஹவுஸ்னு பேரு. சுத்தியும் இத்தாலி, கிரீஸ், ரஷ்யான்னு எங்கெங்க இருந்தோ பொழைக்க வந்த ஏழைத் தொழிலாளிங்க. இவங்க மாஸ்டர் பிளான் எதையும் கையில வச்சுக்கிட்டு வரல. வந்து இருந்தாங்க, அக்கம்பக்கத்துக்கு என்ன தேவைன்னு பாத்தாங்க, ஒண்ணொண்ணா செஞ்சாங்க. வேலைக்குப் போற அம்மாக்களோட பிள்ளைங்களுக்கு ஒரு இடம், அப்புறம் ஒரு படக்கூடம், அப்புறம் ஜிம், காபி ஹவுஸ், நாடக அரங்கம்னு ஒவ்வொரு தேவை தெரிய வர வர ஒவ்வொரு பில்டிங்கா சேந்து 1907க்குள்ள மொத்தம் 13 பில்டிங் ஆயிடுச்சு. பாண்ட் சகோதரர்கள்னு ரெண்டு ஆர்கிடெக்ட்தான் கூடவே இருந்து இத்தனை வருஷமும் இத வளத்து எடுத்தவங்க, ஒரே வாடிக்கையாளர், ஒரே தெரு, ஒவ்வொரு தடவையும் முன்ன கட்டினது எப்படி ஓடுதுன்னு பாத்துட்டு அடுத்ததைக் கட்டுறது. இப்படி ஒரு வாய்ப்பு எந்த ஆர்கிடெக்டுக்குக் கிடைச்சாலும் அது பெரிய பாக்கியம்.

அதுல அந்த காபி ஹவுஸ் கதையை சொல்லியே ஆகணும். முதல்ல அவங்க ஆரம்பிச்சது ஒரு பொது சமையல்கூடம். தையல் வேலைக்குப் போற பெண்களுக்கு சமைக்க நேரமில்ல, கெடுதலான சாப்பாடு சாப்பிடுறாங்க, அதனால விஞ்ஞானபூர்வமா சத்துக் கணக்கு பாத்து சமைச்ச சாப்பாட்டை மலிவா விப்போம்னு நல்ல எண்ணத்துல செஞ்சாங்க. அக்கம்பக்கத்து ஜனங்க எதிர்பாத்த அளவுக்கு வாங்கவே இல்ல. ஒரு பெண்மணி, சத்தானது எல்லாம் எனக்கு வேண்டாம், எனக்கு எது பிடிக்குதோ அதத்தான் சாப்பிடுவேன்னு நேராவே சொல்லிட்டாங்க. ஆனா அதோட இருந்த காபி ஹவுஸுக்குக் கூட்டம் வர ஆரம்பிச்சது, சாப்பிடுறதை விட உக்காந்து பேச ஒரு இடம் வேணும்னு வந்தாங்க, அது மதுக்கடைக்குப் பதிலா ஒரு கூடுற இடமா ஆயிடுச்சு. ஜேன் ஆடம்ஸ் இத மறைக்கல, ஜனங்க மேல கோபப்படவும் இல்ல. அக்கம்பக்கத்துக்கு என்ன வேணும்னு நாமளே முடிவு பண்ணி வச்சுக்கிட்டு அதையே பிடிச்சுத் தொங்கக்கூடாது, மாத்திக்கத் தயாரா இருக்கணும்னு அந்த காபி ஹவுஸ்தான் எங்களுக்குக் கத்துக் கொடுத்துச்சுன்னு 1910ல எழுதி வச்சிருக்காங்க. அதே மாதிரி வீட்டுப் பின்பக்கம் குளியலறை கட்டி அக்கம்பக்கத்துக்குத் திறந்து விட்டாங்க, கூட்டம் அலை மோதுச்சு, அத ஆதாரமா காட்டித்தான் நகர நிர்வாகத்தைப் பேசி அந்தப் பகுதியில பொதுக் குளியல் கூடம் கட்ட வச்சாங்க. சின்னதா செஞ்சு பாரு, ரிசல்ட்டைக் காட்டு, அப்புறம் பெருசா கேளு. நம்ம ஊர்ல இதுக்கு நேர் தலைகீழாத்தான் நடக்குது, முதல்லயே 300 கோடிக்கு டெண்டர்.

டூயி அங்க அடிக்கடி வந்து பேசியிருக்காரு, அதோட டிரஸ்டியாவும் இருந்திருக்காரு, தன் மகளுக்கு ஜேன்னு பேர் வச்சது ஜேன் ஆடம்ஸ் நினைவாத்தான். டூயி எழுதின தத்துவத்துல பாதி அந்த வீட்டுல பாத்துக் கத்துக்கிட்டதுன்னு நான் நினைக்கிறேன். ஜேன் ஆடம்ஸுக்கு 1931ல சமாதானத்துக்கான நோபல் பரிசும் கிடைச்சது.

இனிமே வர்றதுதான் நெஞ்சை அடைக்கிற பகுதி. 1961ல சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி, இல்லினாய் பல்கலைக்கழகத்தோட புது கேம்பஸுக்கு இந்த ஏரியாவையே தேர்ந்தெடுத்தாரு. ஃப்ளாரன்ஸ் ஸ்கேலாங்கிற உள்ளூர்ப் பெண்மணி தலைமையில ஜனங்க ஊர்வலம் போனாங்க, கோர்ட்டுக்குப் போனாங்க, ஒண்ணும் எடுபடல. அந்த 13 பில்டிங்ல பழைய பங்களாவும் சாப்பாட்டுக் கூடமும் மட்டும் மிஞ்சுச்சு, இப்ப அது மியூசியம். மத்தது எல்லாம் போச்சு, சுத்தி இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களும் கடைகளும் காலி பண்ணப்பட்டாங்க.

அந்த இடத்துல 1965ல திறந்த கேம்பஸை டிசைன் பண்ணது வால்டர் நெட்ச், எஸ்ஓஎம்ங்கிற கட்டட வடிவமைப்பு கம்பெனியோட பெரிய ஆர்கிடெக்ட், திறமைசாலிங்கிறதுல எந்த சந்தேகமும் கிடையாது. அவரோட ஐடியா என்னன்னா குளத்துல கல்லைப் போட்டா அலை வட்டம் வட்டமா பரவுமே அந்த மாதிரி நடுவுல பெரிய திறந்தவெளி அரங்கம், அதச் சுத்தி லெக்சர் ஹால், அதுக்கு வெளிய கிளாஸ் ரூம், ஆபீஸ். ரயில்ல, பஸ்ல வந்து இறங்கற மாணவர்கள் நேரா நடந்து போக ரெண்டாவது மாடி உயரத்துல கிரானைட் பலகை போட்ட நடைபாலம். வரைபடமா பாத்தா இன்னைக்கும் அசந்து போவீங்க. ஆனா சிகாகோ குளிர் காத்து எப்படி இருக்கும், ஜனவரியில பனி உறைஞ்சு கெடக்குற கிரானைட் மேல அத்தனை உயரத்துல யாரு நடப்பா? பாலத்துக்குக் கீழ நடந்தா இருட்டு, மேல இருந்து தண்ணி ஒழுகல், பராமரிப்புச் செலவு ஏறிக்கிட்டே போச்சு. 1990கள்ல அந்த நடைபாலங்களையும் நடு அரங்கத்தையும் இடிச்சுத் தள்ளிட்டு தரையில புல்லும் மரமும் வச்சாங்க. முப்பது வருஷம் கூடத் தாங்கல.

நெட்ச் தியரி வச்சிருந்தாருங்கிறது குத்தம் கிடையாது, தியரி இல்லாம யாரும் பிளான் போட முடியாது. அந்தத் தியரியை கான்கிரீட்ல ஒரே தடவையில முழுசா ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு நடைபாலத்தைக் கட்டி ஒரு குளிர்காலம் விட்டுப் பாத்திருக்கலாமே. ஒரு பக்கம் பதினெட்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா தெருவைப் பாத்துப் பாத்து வளந்த 13 பில்டிங், இன்னொரு பக்கம் பலகையில வரைஞ்ச ஒரே கருத்து, முன்னதை இடிச்ச இடத்துலதான் பின்னது எழும்புச்சு. இந்த ஒரே மனையோட வரலாறு போதும், ஆர்கிடெக்சர் காலேஜ்ல ஒரு செமஸ்டர் முழுக்க பாடம் எடுக்கலாம்.

அமெரிக்காவுல பாஸ்டன் பக்கத்துல எம்ஐடிங்கிற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல பில்டிங் 20ன்னு ஒண்ணு இருந்துச்சு, அதையும் சொல்லணும். 1943ல உலகப் போர் நேரத்துல ரேடார் ஆராய்ச்சிக்கு அவசரமா மரத்துலயும் பலகையிலயும் கட்டினது, மூணு மாடி, போருக்கு இரும்பு தேவைங்கிறதால மரம். போர் முடிஞ்சு ஆறு மாசத்துல எடுத்துடுவோம்னு சொல்லித்தான் தீயணைப்பு விதியில இருந்து விலக்கு வாங்கினாங்க. நின்னதோ 1998 வரைக்கும், 55 வருஷம். கோடையில வெந்து போவும், குளிர்ல நடுங்கும், தரை கிரீச்சுன்னு சத்தம் போடும், யாரும் அத அழகுன்னு சொன்னதில்ல. ஆனா நோம் சோம்ஸ்கியும் மோரிஸ் ஹாலேவும் நவீன மொழியியலை வளத்தது அங்க இருந்துதான், அணுக் கடிகாரம் செய்யணும்னு ஜெரால்ட் சக்காரியாஸ் மூணு மாடி உயரத்துக்கு ஒரு கருவி நிறுத்த ரெண்டு தளத்தை வெட்டி எடுத்ததும் அங்கதான். ஒயர் இழுக்கணுமா, சுவர்ல ஓட்டை போடு. ரூம் பத்தலையா, பலகைச் சுவரை எடு. யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேண்டியதில்ல, கெட்டுப் போகும்னு பயப்படவும் வேண்டியதில்ல, ஏன்னா கெட்டுப் போறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. அதோட பக்கத்து ரூம்ல வேற துறைக்காரர், நடைபாதையில நின்னு பேசினாலே புது விஷயம் தெரிய வரும்.

அத இடிச்ச இடத்துலதான் ஃப்ராங்க் கெஹ்ரி டிசைன் பண்ண ஸ்டேட்டா சென்டர் 2004ல வந்துச்சு. உலகமே படம் எடுத்துப் போட்ட பில்டிங். 2007ல தண்ணி ஒழுகுது, வெளி அரங்கத்துல விரிசல், வடிகால் சரியில்லன்னு எம்ஐடியே ஆர்கிடெக்ட் மேலயும் கட்டினவங்க மேலயும் கேஸ் போட்டுச்சு, 2010ல பேசித் தீத்துக்கிட்டாங்க. கெஹ்ரியைக் குறை சொல்றது என் நோக்கமில்ல, ஒழுகல் எந்த பில்டிங்லயும் வரும், யாரோட குறைன்னு கோர்ட் தீர்ப்பும் வரல. அவரும் பில்டிங் 20ல இருந்த மாதிரி ஜனங்க ஒருத்தரை ஒருத்தர் எதிர்ப்படணும்னுதான் அதுல நடைவழிகளைப் போட்டிருக்காரு. நான் இதுல எடுத்துக்கிறது வேற. பில்டிங் 20ல குடியிருந்தவங்களுக்கு தங்களோட இடத்தை மாத்துற அதிகாரம் இருந்துச்சு. அந்த அதிகாரத்தை டிசைன்லயே கொடுக்க முடியும், அதுக்கு ஒழுகுற மரக்கொட்டாய்தான் வேணும்னு அவசியமில்ல.

எல்லா நேரமும் கட்டித்தான் ஆகணும்னு கூட இல்ல. ஃப்ரான்ஸ்ல போர்தோ நகரத்துல 1996ல ஒரு சின்ன சதுக்கத்தை அழகுபடுத்தச் சொல்லி ஆன் லகாதோன், ழான் ஃபிலிப் வசால்னு ரெண்டு ஆர்கிடெக்ட்கிட்ட கொடுத்தாங்க. அவங்க போய் உக்காந்து பாத்தாங்க, அங்க புழங்குறவங்ககிட்ட பேசினாங்க. மரநிழல் இருக்கு, பெஞ்சு இருக்கு, பெரியவங்க இரும்புக் குண்டு வீசி விளையாட இடம் இருக்கு, இதுல என்னத்த அழகுபடுத்துறது. சரளையை மாத்துங்க, மரங்களுக்கு வைத்தியம் பாருங்க, அடிக்கடி கூட்டுங்க, வேற எதுவும் வேண்டாம்னு ரிப்போர்ட் கொடுத்துட்டு வந்துட்டாங்க. 2021ல அவங்களுக்கு பிரிட்ஸ்கர் பரிசு கிடைச்சுது, ஆர்கிடெக்ட்களுக்குக் கொடுக்கிற பெரிய உலகப் பரிசு அது. நம்ம ஊர்ல நல்லா இருக்கிற பூங்காவுல போய் டைல்ஸ் ஒட்டி, ஃபவுண்டன் வச்சு, வேர் மூச்சு விட இடமில்லாம மரத்தைச் சுத்தி சிமெண்ட் பூசுறதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ரெண்டு பேரும்தான் ஞாபகம் வர்றாங்க.

விளைவைப் பாக்குறதுன்னா மேம்போக்கா பாத்து தீர்ப்பு சொல்றதும் இல்ல, இத அழுத்திச் சொல்லணும். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரத்துல ப்ரூட் ஐகோன்னு 11 மாடியில 33 பிளாக், ஏழைகளுக்கான குடியிருப்பு, 1954ல ஜனங்க குடிவர ஆரம்பிச்சாங்க, 1972ல வெடி வச்சு இடிக்க ஆரம்பிச்சு 1976க்குள்ள எல்லாமே தரைமட்டம். செலவு மிச்சம்னு லிஃப்ட் எல்லா மாடியிலயும் நிக்காது, மூணு மாடிக்கு ஒரு தடவைதான் நிக்கும், அந்த மாடி நடைபாதையில பிள்ளைங்க விளையாடும் ஜனங்க கூடிப் பேசுவாங்கன்னு யூகம், நடந்தது என்னன்னா அந்த நடைபாதையிலயும் படிக்கட்டுலயும் தனியா போகவே பயந்தாங்க. உடனே மாடர்ன் ஆர்கிடெக்சரே செத்துப் போச்சுன்னு எழுதினாங்க. ஆனா 1991ல கேத்ரின் பிரிஸ்டல்ங்கிறவங்க நிதானமா விசாரிச்சு எழுதினாங்க, வாடகைப் பணத்துலயே பராமரிப்பு பண்ணணும்னு விதி, ஊரோட ஜனத்தொகை குறைஞ்சுக்கிட்டே போச்சு, கறுப்பின மக்களை ஒதுக்கி வச்ச கொள்கை, கட்டும்போதே வெட்டின செலவு, இத்தனையும் சேந்த பழியை டிசைன் மேல மட்டும் போட்டா மத்தவங்க எல்லாம் தப்பிச்சுக்குவாங்கன்னு. எனக்கு அவங்க சொல்றதுதான் சரின்னு படுது. பராமரிப்புக்குப் பணம் எங்க இருந்து வரும்ங்கிறதும் பிளானோட ஒரு பகுதிதான். லிஃப்ட் வச்ச உயரமான வாரியக் குடியிருப்பை நம்பி நாமளும் சென்னையில பெரும்பாக்கம் மாதிரி இடங்கள்ல ஆயிரக்கணக்கான குடும்பத்தை ஊரு ஓரத்துல கொண்டுபோய் வச்சிருக்கோம், அதனால இந்தக் கணக்கு நமக்கு ரொம்ப முக்கியம்.

"ஜனங்ககிட்ட கேட்டா அவங்களுக்கு என்ன தெரியும், எலிவேஷன், அதாவது முகப்பு, நல்லா வேணும்பாங்க, வாஸ்து பாப்பாங்க"ன்னு என் தொழில்காரங்களே சொல்லுவாங்க. டூயி 1927லயே இதுக்குப் பதில் சொல்லிட்டாரு. செருப்பு எங்க கடிக்குதுன்னு போட்டிருக்கிறவருக்குத்தான் தெரியும், அத எப்படி சரி பண்றதுன்னு செருப்புத் தைக்கிறவருக்குத் தெரியும். ரெண்டு பேரும் பேசணும், ஒருத்தரோட வேலையை இன்னொருத்தர் பாக்க முடியாது. இத அவரு ஜனநாயகத்துக்காக சொன்னாரு. அண்ணல் அம்பேத்கர் 1913ல இருந்து 1916 வரைக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்துல படிச்சப்ப டூயிகிட்ட பாடம் கேட்டவரு, தன்னோட அறிவு வாழ்க்கைக்கே அவருக்குக் கடன்பட்டிருக்கேன்னு எழுதினவரு. 1952ல கௌரவ டாக்டர் பட்டம் வாங்க அம்பேத்கர் அமெரிக்கா கிளம்பின அந்த நேரத்துலதான் டூயி இறந்தாரு, பாக்க முடியாம போச்சு. அப்படிப்பட்ட சிந்தனை நமக்கு அந்நியமானது கிடையாதுங்கிறதுக்காக சொல்றேன். பாதிக்கப்படுறவனைக் கேக்காம அவனுக்காக முடிவு எடுக்காதேங்கிறது நம்ம அரசியல்ல இருக்கு, நம்ம பில்டிங்ல இல்ல.

கேக்குறதுன்னா ஃபாரம் நீட்டி டிக் அடிக்கச் சொல்றது இல்ல. சைட்ல கயிறு கட்டி சுண்ணாம்புப் பொடி போட்டு மார்க்கிங் பண்ற அன்னைக்கு வீட்டுக்காரங்க எல்லாரும் வருவாங்க, எல்லாரும் முதல்ல சொல்றது ரூம் சின்னதா இருக்கேன்னுதான், சுவர் எழும்புற வரைக்கும் அப்படித்தான் தெரியும். நான் அந்த நேரத்துல அவங்களை அந்தக் கோட்டுக்குள்ள நடக்கச் சொல்லுவேன். ஒரு வீட்டுல வயசான அம்மா ஒருத்தங்க தன்னோட கட்டில் வர்ற இடத்துல நின்னு, ராத்திரி எந்திரிச்சு பாத்ரூம் போற மாதிரி இல்லாத சுவரைக் கையால தடவிக்கிட்டே நடந்தாங்க. நாலு எட்டு வச்சதும் கை அந்தரத்துல நின்னுச்சு, அந்த இடத்துல ஹாலுக்குப் போற வழி. "இங்க எதப் புடிக்கிறது தம்பி"ன்னு கேட்டாங்க. அந்த வழியை எதிர்ப்பக்கம் நகர்த்தி கட்டில்ல இருந்து பாத்ரூம் கதவு வரைக்கும் சுவர் விட்டுப் போகாம வர்ற மாதிரி செஞ்சோம், சுண்ணாம்புக் கோட்டை காலால அழிச்சுட்டு திரும்பப் போட்டதோட சரி, பைசா செலவில்ல. த்ரீடி வியூ எத்தனை காட்டியிருந்தாலும் அந்தக் கேள்வி வந்திருக்காது. திருவனந்தபுரத்துல லாரி பேக்கர்ங்கிற ஆர்கிடெக்ட் மரத்தை வெட்டாம சுவரை வளைச்சு, சைட்லயே நின்னு கொத்தனாரோட பேசிப் பேசி முடிவு பண்ணி கட்டினாருன்னா அது இந்த வழிதான், அவரு அங்க கட்டின சிடிஎஸ்ங்கிற ஆராய்ச்சி நிறுவனத்தோட வளாகத்தைப் போய்ப் பாத்தவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

கட்டி முடிச்சப்புறம் திரும்பப் போறதுதான் யாருக்குமே பிடிக்காத வேலை. பிரிட்டன்ல ஆர்கிடெக்ட்கள் சங்கம் 1960கள்ல வேலைக்கான கட்டங்களை எழுதினப்ப, கடைசிக் கட்டமா பில்டிங் எப்படி ஓடுதுன்னு போய்ப் பாத்து ரிப்போர்ட் எழுதுறதையும் சேத்திருந்தாங்க, அதுக்கு ஃபீஸ் கொடுக்க ஆளில்லாம 1972ல அத எடுத்துட்டாங்க. அவங்களுக்கே அப்படின்னா நம்ம நிலைமையைக் கேக்கவே வேண்டாம். பணம் செட்டில் ஆனதும் ஆர்கிடெக்ட் போயிடுவாரு, காண்ட்ராக்டர் டெபாசிட் திரும்பக் கிடைக்கிற வரைக்கும் போன் எடுப்பாரு. அப்புறம் ஜனங்க தானா கிரில் போடுவாங்க, பால்கனியில பாலிகார்பனேட் ஷீட் அடிப்பாங்க, படிக்கட்டுத் திருப்பத்துல தண்ணி டிரம் வப்பாங்க. நாம அத ஆக்கிரமிப்பு, அசிங்கம்னு சொல்றோம். எனக்கு அது ஒவ்வொண்ணும் சோதனையோட ரிசல்ட். பால்கனியில எல்லாருமே ஷீட் அடிச்சிருந்தா சன்ஷேடு நீளம் பத்தலன்னு அர்த்தம், டிரம் வெளிய இருந்தா உள்ள தண்ணி வர்ற நேரமும் வைக்கிற இடமும் சரியில்லன்னு அர்த்தம். அடுத்த பிளாக்குக்கு பிளான் போடுறவரு முதல்ல இதத்தான் அளந்து எடுத்துட்டு வரணும்.

அதனால அரசாங்கத்துக்கு மனு போடுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேக்குறேன். ஒரு பொதுக் கட்டடத்தோட திறப்பு விழா செய்தி போட்டா, அஞ்சு வருஷம் கழிச்சு அதே தேதியில அதே அளவு இடத்துல அதே கோணத்துல இன்னொரு படமும் செய்தியும் போடுங்க. நிருபர் அதிகாரியைப் பாக்குறதுக்கு முன்னாடி பெருக்கித் துடைக்கிறவங்களையும் வாட்ச்மேனையும் பாக்கட்டும், அவங்களுக்குத் தெரியாதது எதுவும் இருக்காது. எந்தக் கதவை பூட்டியே வச்சிருக்காங்க, எந்த டாய்லெட் ஸ்டோர் ரூம் ஆயிடுச்சு, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஜனங்க எங்க நிக்கிறாங்க, மழை பெஞ்சா பக்கெட் எங்க வைக்கிறாங்க, சாய்தளம் இருந்தா அதுல வீல்சேர் போகுதா இல்ல பைக் நிக்குதா, இவ்வளவு கேட்டாலே போதும். நல்லா ஓடுற பில்டிங்கையும் எழுதணும், ஏன் நல்லா இருக்குன்னு எழுதணும், கட்டின மேஸ்திரி பேரோட எழுதணும்.

முதல் கட்டுரைக்கு எங்க ஊர்லயே நாலஞ்சு பில்டிங் இருக்கு. நிருபர் வர்றதா இருந்தா சொல்லுங்க, பிளானைப் படிச்சுக் காட்ட நான் கூட வர்றேன், டேப்பும் நானே எடுத்துட்டு வர்றேன்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்,
திருச்சி.